பையெத்துக்குத் தமிழில் என்ன வசனம்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் வசன நோட்டு வந்து சேர்ந்தது. புத்தூர்ப் பக்கத்துத் தர்மராஜா கோயிலில் இந்த வருஷம் நீதான் கிருஷ்ணன் வேஷம் என்று எழுதியிருந்தாய். படித்து மனம் நிறைந்தது. களப்பலிக் காட்சியில் ஓர் இடத்தில் மட்டும் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். தெலுங்குப் பிரதியில் ‘எத்துகு பையெத்து’ என்று இருப்பதை நீ தமிழில் ‘எதிர்ப்புத் திட்டம்’ என்று மாற்றியிருக்கிறாய். அர்த்தம் தப்பில்லை. ஆனால் அது ஆபீஸ் காகிதத்துக்குத்தான் பொருந்தும், கிருஷ்ணன் வாய்க்குப் பொருந்தாது.

நம் ஊர்க் கூத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. 1953இல் சித்தூர் ஆந்திரத்தோடு போனது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. இவ்வளவுக்கும் நடுவில் 18 நாள் பாரதம் இரண்டு மொழியிலும் நடந்துகொண்டே இருந்தது. பகலில் கதை, ராத்திரி கூத்து, கடைசியில் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனும் தீமிதியும். நகரியில் தமிழில் பேசுகிற கிருஷ்ணன் மறுவாரம் காளஹஸ்திப் பக்கம் தெலுங்கில் பேசுவான். அதனால் நம் வேலையில் பாதி வேஷம் கட்டுவது, பாதி சொல் பார்ப்பது.

தெலுங்கில் ‘எத்து’ என்றால் தூக்குவது, உயரம். சதுரங்கத்தில் காய் நகர்த்துவதும் எத்துதான், உபாயமும் எத்துதான். ‘பை’ என்றால் மேலே. ஒருவன் நகர்த்திய காய்க்கு மேலே இன்னொருவன் நகர்த்துவது பையெத்து. தேர்தல் வந்துவிட்டால் தெலுங்குப் பத்திரிகைகளில் இந்த ஜோடிச் சொல் தலைப்பில் ஏறிவிடும். அதில் வசை கிடையாது. ஆடுகிற இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தமிழிலோ ‘எத்து’ என்றால் வஞ்சனை. உன் வயதில் ஒலியில் மயங்கி ‘எத்தனுக்கு எத்தன்’ என்று நான் எழுதிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி வந்து, “சாமியைப் போய் எத்தன்னு சொல்லிட்டியேப்பா” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்த வரியை அன்றே அடித்தேன்.

‘சூழ்ச்சி’ போடலாமே என்று கேட்பாய். பழைய தமிழில் அது நல்ல சொல். வினைசெயல்வகை அதிகாரத்தைத் தொடங்கும்போது வள்ளுவர் சொல்லும் சூழ்ச்சி, ஆலோசனை. ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறளில், விதியை விலக்க வேறொரு வழி சூழ்ந்தாலும் விதி முந்திக்கொள்ளும் என்கிறார். எதிர்யோசனை என்பதற்கு இதைவிடக் கூர்மையான இடம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் களரியில் உட்கார்ந்திருப்பவர் காதில் இன்று சூழ்ச்சி என்றால் சதிதான். அதைச் சகுனிக்குக் கொடு. ‘முறியடித்தான்’ என்பதும் வேண்டாம். முறியடிப்பது என்றால் எதிராளியின் காயை உடைப்பது. கிருஷ்ணன் எதையும் உடைப்பதில்லை.

களப்பலிக் கதையையே பார். போருக்கு முன் பலி கொடுக்க நாள் பார்த்துக் கொடுத்தவன் சகாதேவன். எதிரி வந்து கேட்டாலும் பொய் சொல்லத் தெரியாதவன். அமாவாசை என்று துரியோதனனுக்குச் சொல்லிவிட்டான். அரவானும் அன்று தானே பலியாவதாக அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். கிருஷ்ணன் சகாதேவனைக் கடியவில்லை, அரவானின் வாக்கையும் அழிக்கவில்லை. முதல் நாளே ஆற்றங்கரையில் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தான். அதைப் பார்த்து ரிஷிகளும் உட்கார்ந்தார்கள். இதென்ன என்று கேட்கச் சூரியனும் சந்திரனும் சேர்ந்து வந்தார்கள். நீங்கள் இருவரும் கூடும் நாள்தானே அமாவாசை என்றான். முடிந்தது! துரியோதனன் நம்பிய அதே அமாவாசை, ஒரு நாள் முன்னால். பையெத்தில் இருக்கிற அந்த ‘மேலே’ இதுதான். எதிராளி போட்ட படியில் கால் வைத்துத்தான் அடுத்த படி ஏறுகிறான்.

தூதுப் படலத்தில் மோதிரத்தை நழுவவிட்டு அசுவத்தாமன் மேல் சந்தேகத்தை விதைக்கிறானே, அங்கேயும் துரியோதனனின் பயமே கிருஷ்ணனுக்குப் படி.

இதைத் தாங்குகிற வசனம் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது: ‘அவன் தடுக்கில் பாய்ந்தால் இவன் கோலத்தில் பாய்வான்.’ தடுக்குக்குக் கீழே ஒளிய ஒரு பாய் அளவு இடமாவது உண்டு. கோலத்துக்குக் கீழே மாவின் கனம்தான். அவன் வழியிலேயே போய், அவனைவிட மெல்லிய இடத்தில் புகுகிறான் இவன். பழமொழியாக ஒப்பிக்காதே. தர்ப்பைப் புல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, “துரியோதனன் தடுக்குல பாஞ்சிட்டான், நான் கோலத்துல பாயப்போறேன்” என்று மெதுவாகச் சொல். மத்தளம் அந்த நேரம் நிற்க வேண்டும். மத்தளக்காரரிடம் முன்னாலேயே சொல்லி வை.

தெலுங்கு ஊர்களில் பையெத்தை அப்படியே விட்டுவிடு, அதற்கு மாற்று வேண்டாம். தமிழ் ஊர்களில் இந்த வரியை ஒருமுறை சொல்லிப் பார்த்து, பாட்டிகள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தூரிலிருந்து உன் அண்ணன்