இரட்டை நட்சத்திரங்களைக் காணுதலும் குறித்துவைத்தலும்

வெறுங்கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் நட்சத்திரம் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் இரண்டாய்த் தோன்றுமாயின், அஃது இரட்டை நட்சத்திரம் எனப்படும். அது தோற்ற இரட்டை, மெய்யிரட்டை என இருவகைப்படும். வெவ்வேறு தூரத்திலுள்ள இரண்டு நம் பார்வைக்கு நேராக அமைந்து அருகருகே தோன்றுவது தோற்ற இரட்டை. ஒன்றையொன்று ஈர்த்து ஒரு பொதுமையத்தைச் சுற்றி வருவது மெய்யிரட்டை. ஒருமுறை நோக்கிய மாத்திரத்தில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. பல்லாண்டு குறித்துவைத்த அளவே அதனைப் புலப்படுத்தும்.

இதற்கு வில்லியம் ஹெர்சலின் ஆராய்ச்சி சான்றாகும். அவர் 1782இல் 269 இரட்டைகளை அட்டவணைப்படுத்தினார். அவற்றைத் தோற்ற இரட்டைகளென்று கொண்டு, அவற்றால் நட்சத்திரங்களின் தூரத்தை அளக்கலாமென்பதே அவர் எண்ணம். ஆயினும் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு அளவுகளை ஒப்புநோக்கியபொழுது, மிதுனத்திலுள்ள காஸ்டர் முதலியவற்றின் உறுப்புகள் ஒன்றையொன்று சுற்றுதலைக் கண்டு, 1803இல் வெளியிட்டார். காஸ்டரைப்பற்றி 1759இல் பிராட்லி எழுதிவைத்த ஒரு சிறு குறிப்பு அவருக்குப் பெருந்துணையாயிற்று. அக்காலத்தில் பிராட்லி உயிரோடில்லை. அவர் குறிப்பே நின்று பயன்பட்டது.

வைகாசி மாதத்து முன்னிரவில் நம் மாணாக்கர் காணத்தக்க இரட்டைகள் இரண்டுண்டு. வடதிசையில், யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 45 பாகை உயரத்தில், சப்தரிஷி மண்டலத்து வசிட்டனும் அருந்ததியும் தோன்றும். விவாகத்தில் அருந்ததி காட்டும் வழக்கை யாவரும் அறிவர். அவ்விரண்டின் இடைவெளி ஏறக்குறைய 12 கலை. நற்பார்வையுடையார் வெறுங்கண்ணாற் பிரித்துக் காண்பர். கண்ணாடியிலோ வசிட்டனே இரண்டாய்ப் பிரியும். அவற்றின் இடைவெளி ஏறக்குறைய 14 விகலை. 60 மில்லிமீற்றர் முகப்புடைய கண்ணாடி ஏறக்குறைய 2 விகலை வரையும் பிரிக்கவல்லதாதலின், இதற்கு அது போதும்.

தென்றிசையில், திரிசங்கு எனப்படும் தென்சிலுவைக்குக் கிழக்கே, அல்பா சென்ரோரி விளங்கும். அது இரட்டையென்பதை 1689இல் புதுச்சேரியில் வால்வெள்ளியொன்றை நோக்கிக்கொண்டிருந்த யேசுசபைக் குரவர் ரிஷோ கண்டார். அவ்விரண்டும் ஏறக்குறைய 80 ஆண்டில் ஒருமுறை சுற்றும். 2016இல் ஏறக்குறைய 4 விகலையாயிருந்த இடைவெளி அதன்பின் விரிந்து வருகின்றது. அடிவானத்துக்கு ஏறக்குறைய 20 பாகை உயரத்தில் மாத்திரமே நிற்றலின், காற்றலைவால் உருவம் நடுங்கும். ஆதலால் அது உச்சமடையும் வேளையிலே, காற்றமைந்த இரவிலே நோக்குக.

கண்ணாடியை அசையாத தாங்கியில் நிறுத்துக. முதலிற் குறைந்த பெருக்கத்தில் நட்சத்திரத்தை நடுவிற் கொணர்ந்து, புள்ளியாகும்வரை திருத்துக. பின்னரே பெருக்கத்தை உயர்த்துக. இரண்டு தோன்றுமென்று மாணாக்கருக்கு முன்னதாகச் சொல்லற்க. சொன்னால், காணாதவனும் கண்டேனென்பான். ஒவ்வொருவனும் தான் கண்டதை வரைந்து, எது பிரகாசமிக்கது, எத்திசையிலுள்ளது என்பவற்றோடு தேதி, நேரம், முகப்பின் அளவு, பெருக்கம் என்பவற்றையும் எழுதுக. ஒன்றாகவே கண்டவன் ஒன்றென்றே எழுதுக, அதுவும் மெய்க்குறிப்பே.

அக்குறிப்புகளைப் பாடசாலையிற் பேணி, ஆண்டுதோறும் தொடருக. இன்று பத்து வயதுச் சிறுவன் வரையும் அல்பா சென்ரோரி, அவன் தொண்ணூறு வயதடையும்பொழுது ஏறக்குறைய அவ்வண்ணமே மீண்டும் தோன்றும். இடைப்பட்ட நிலைகளை அவனுக்குப் பின்வந்த மாணாக்கர் வரைந்திருப்பராயின், ஒரு முழுச்சுற்றும் அப்பாடசாலை ஏட்டில் அமைந்துவிடும்.