ஆட ஆள் உண்டு, இடம் குறைவு

கேள்வி: அமெரிக்காவில் கோல்ஃப் ஆடுவோர் கூடுகிறார்களாம், மைதானங்களோ குறைகின்றனவாம். அது எப்படி?

பதில்: இது பழைய ஆசையின் வட்டிக் கணக்கு. 2000ஆம் ஆண்டு வரை தினம் ஒரு புது மைதானம் திறந்தால்தான் தேவைக்கு ஈடுகொடுக்க முடியும் என்று 1980களின் இறுதியில் அங்குள்ள தேசிய கோல்ஃப் அறக்கட்டளை சொன்னது. ரியல் எஸ்டேட்காரர்களுக்குக் கொண்டாட்டம். புல்வெளியைக் காட்டியே சுற்றியுள்ள மனைகளை நல்ல விலைக்குத் தள்ளிவிடலாமே! 2000இல் மட்டும் ஏறத்தாழ 400 மைதானங்கள் திறக்கப்பட்டன.

ஆட்கள்தான் அந்த வேகத்தில் வரவில்லை. 1997இல் டைகர் வுட்ஸ் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்ற பரபரப்பும் ஓரளவுக்குத்தான் உதவியது. சுமார் 3 கோடியைத் தொட்ட ஆட்டக்காரர் எண்ணிக்கை பின்னர் சரிந்தது. 2006 முதல் பல ஆண்டுகள் திறந்தவற்றைவிட மூடியவையே அதிகம். ஓர் ஆட்டத்துக்கு 4 மணி நேரம், 18 குழிகளுக்கு நூறு ஏக்கருக்கும் மேல் நிலம், அதற்குத் தண்ணீர், பராமரிப்பு. விற்றால் குடியிருப்பாகிவிடும்.

கொரோனா வந்ததும் காட்சி மாறியது. திறந்தவெளியில் தள்ளி நின்று ஆடும் விளையாட்டாயிற்றே! 2024இல் ஆடியோர் சுமார் 2.8 கோடி. டாப்கோல்ஃப் போன்ற கூடங்களில், பந்தை அடித்துவிட்டுச் சாப்பிடும் கூட்டம் தனி.

இப்போது நெருக்கடி முன்பதிவில். லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சி மைதானங்களில் தரகர்கள் ஆட்ட நேரங்களை வளைத்துப் போட்டு விற்றதால், 2024இல் தலைக்கு 10 டாலர் முன்பணம் கட்டாயமாக்கப்பட்டது. ஆட வராவிட்டால் அந்தப் பணம் திரும்பாது.