மெட்டு தாண்டினால் பன்றியைச் சுடலாமா?

தேனியிலிருந்தும் கோவையிலிருந்தும் கேரளத்துக்குள் போய் நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ வெள்ளாமை செய்கிறவர்கள் காலங்காலமாக உண்டு. போடிமெட்டும் கம்பமெட்டும் தாண்டினால் உடும்பன்சோலை வட்டாரத்து ஏலத்தோட்டங்கள். வேலந்தாவளம் தாண்டினால் கொழிஞ்சாம்பாறை, சித்தூர். போன முதல் வருஷமே மரவள்ளியையும் வாழையையும் பன்றி உழுதுவிட்டுப் போகும். மறுநாள் காலை டீக்கடையில் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். அந்தச் சட்டங்களைத்தான் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்கிறோம்.

“கேரளாவில் பன்றியைச் சுட அனுமதி கொடுத்தாச்சு.”

பாதி உண்மை. ஆளை ஜெயிலுக்கு அனுப்புவது இந்தப் பாதிதான். 2022 மே மாதம் கேரள அரசு அனுமதி கொடுத்தது விவசாயிக்கு அல்ல, பஞ்சாயத்துத் தலைவருக்கு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளரிடமும் உரிய அதிகாரம் பெற்ற அதிகாரிகளிடமும் இருக்கிறது. அந்த அதிகாரத்தை காட்டுப்பன்றிக்கு மட்டும், காட்டுக்கு வெளியே மட்டும், உள்ளாட்சித் தலைவர்கள் வரை இறக்கினார்கள். நீங்கள் புகார் கொடுக்க வேண்டும், தலைவர் உத்தரவிட வேண்டும், லைசென்ஸ் துப்பாக்கியோடு பட்டியலில் இருக்கிற ஆள் வந்து சுட வேண்டும். உத்தரவு இல்லாமல் சுட்டால், சொந்தப் பட்டா நிலத்தில் நின்று சுட்டாலும் அதன் பெயர் வேட்டை. மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். துப்பாக்கியும் போன ஜீப்பும் அரசுக்குப் போய்விடும்.

பன்றியை ‘வெர்மின்’ (தொல்லை விலங்கு) என்று அறிவித்துவிட்டார்கள் என்பாரும் உண்டு. அதே சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி அதைச் செய்யக்கூடியது மத்திய அரசு மட்டும். கேரளம் பலமுறை கேட்டது, டெல்லி மறுத்துவிட்டது.

“காட்டோரம் பொது நிலம்தானே, அங்கே சுட்டால் யார் கேட்பது?”

அமெரிக்காவில் மாநில லைசென்ஸ் எடுத்தவர் அரசு நிலத்தில் போய் மான் சுடலாம். வேலைக்குப் போன நம்மூர்ப் பையன்கள் படம் எடுத்து அனுப்புவதைப் பார்த்து இங்கும் அப்படி ஏதோ இருக்கும் என்று நினைக்கிறார்கள். இங்கே நிலைமை தலைகீழ். பொது நிலம் காடாக இருந்தால் பஞ்சாயத்துத் தலைவரின் உத்தரவும் அங்கே செல்லாது. ஏலமலையில் இது இன்னும் சிக்கல். நிலம் வருவாய்த் துறைக்கு, மரம் வனத்துறைக்கு என்று இரட்டை ஆட்சி நடக்கும் இடம் அது. எந்த ஓரம் காடு, எந்த ஓரம் தோட்டம் என்று வாங்கும்போதே ரேஞ்ச் ஆபீசில் கேட்டுவிடுவது நல்லது.

வேட்டை லைசென்ஸ் ஒரு காலத்தில் இந்தியாவிலும் இருந்தது. 1972 சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது, 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. மூணாறுப் பக்கத்துப் பெரியவர்கள் எஸ்டேட் துரைமார் வரையாடு சுட்ட கதை சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். கடல் தாண்டி வந்த துரைமார் இரவிகுளத்துப் புல்மேட்டைத் தங்கள் வேட்டைக்காகப் பிறர் தொடாமல் வைத்திருந்தார்கள். முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்தார்கள். 1971இல் அந்தப் புல்மேடும் அடங்கிய கண்ணன் தேவன் மலை நிலங்களைக் கேரள அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. தங்கள் வேட்டைக்காகக் காத்தவர்களால்தான் வரையாடு அங்கே இவ்வளவு மிஞ்சியது என்பதை, பிடிக்காவிட்டாலும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

“ஆதிவாசிகள் வேட்டையாடலாம், அவர்களோடு போனால் குற்றமில்லை.”

தவறு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பல மரபுரிமைகளை ஏற்கிறது. வேட்டையையும் கண்ணி வைப்பதையும் பெயர் சொல்லியே விலக்குகிறது. வேட்டைத் தடையிலிருந்து விலக்கு உள்ளது நிக்கோபார் தீவுப் பழங்குடிகளுக்கு மட்டும். அட்டப்பாடி இருளருக்கோ மறையூர் முதுவருக்கோ இல்லை. அவர்களைத் துணைக்கு அழைத்துப் போகிறவர் அவர்களையும் சேர்த்து வழக்கில் இழுத்துவிடுகிறார்.

“துப்பாக்கிதான் குற்றம். வெடி, கம்பி, கண்ணி எல்லாம் தோட்டக் காவல்.”

இதை நம்பியவர்களால்தான் அதிகச் சாவு. சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் சுடுவது மட்டுமல்ல. விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, இரை போட்டு இழுப்பது எல்லாம் அதில் அடங்கும். முயற்சி செய்தாலே போதும், எதுவும் சிக்கியிருக்க வேண்டியதில்லை. பஞ்சாயத்துத் தலைவர் கொடுக்கும் உத்தரவுகூட வெடி, விஷம், மின்சாரம் மூன்றையும் விலக்கித்தான் வருகிறது.

பன்றிக்காக இரைக்குள் மறைத்து வைக்கும் வெடியை நம் பக்கம் அவுட்டுக்காய் என்போம், அங்கே பன்னிப்படக்கம் என்பார்கள். 2020 மே 27ஆம் தேதி வெள்ளியாற்றில் நின்றபடியே ஒரு சினை யானை செத்தது நினைவிருக்கும். வாய் வெடித்து நாள்கணக்கில் தின்ன முடியாமல் பட்டினி கிடந்த யானை. மலப்புரத்தில் அன்னாசிப்பழத்துக்குள் வெடி வைத்து வேண்டுமென்றே கொடுத்தார்கள் என்று நாடெங்கும் பரவியது. நடந்த இடம் பாலக்காடு மாவட்டம், மண்ணார்க்காடு வனக்கோட்டம். பன்றிக்காகத் தேங்காயில் வைத்த வெடி என்று விசாரணையில் சொல்லப்பட்டது. யானைக்கென்று யாரும் வைக்கவில்லை என்பதால் குற்றம் லேசாகிவிடாது. வைத்த வெடியை எது கடிக்கும் என்பது வைத்தவன் கையில் இல்லை.

மின்கம்பி இன்னும் மோசம். 2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரையில், ஆயுதப்படை முகாமை ஒட்டிய வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் செத்துக் கிடந்தார்கள். பன்றிக்கு இழுத்த கம்பி. 2023 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்கள். உடல்களை வயலிலேயே புதைத்திருந்தார்கள். சோலார் வேலிதான் போட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டு லைனை நேராகக் கம்பியில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். முறையான சோலார் வேலியில் பேட்டரியும் எனர்ஜைசரும் இருக்கும். மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் துடித்து நிற்கும், தொட்டவன் உதறிக்கொண்டு விலகிவிடலாம். வீட்டு லைனின் 230 வோல்ட் விடாமல் ஓடும், தசை இறுகிக் கம்பியை விடமுடியாமல் போகும். கால் ஈர வயலில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

“சட்டப்படி சுட்ட பன்றியைச் சமைக்கலாம்.”

கூடாது. கொல்லப்பட்ட பன்றி அரசுச் சொத்து. பதிவு செய்து குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அத்தனை கறியைப் புதைப்பதா என்று கேட்காத ஊரில்லை. நியாயமான கேள்விதான். ஆனாலும் பங்கு போட்டால் பங்கு வாங்கியவரும் மாட்டுவார்.

“ஊரிலிருந்து கொண்டுவந்த லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது.”

லைசென்ஸில் எந்த எல்லை வரை செல்லும் என்று எழுதியிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் புது மாவட்டத்து லைசென்ஸ் அதிகாரியிடம் தெரிவித்துப் பதிய வேண்டும். அதன்பிறகும் அது ஆயுதம் வைத்திருக்க அனுமதி, அவ்வளவுதான்.

“புதுச்சட்டம் வந்தாச்சு, இனி கவலையில்லை.”

2025 அக்டோபரில் கேரளச் சட்டமன்றம் வன உயிரினச் சட்டத்துக்குத் திருத்த மசோதா நிறைவேற்றியதைச் சொல்கிறார்கள். மத்தியச் சட்டத்தைத் திருத்தும் மாநில மசோதா, குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லாமல் அமலுக்கு வராது.

“அப்படியென்றால் தமிழ்நாட்டுப் பக்கம் இதே முறைதானே?”

இல்லை. 2025 ஜனவரியில் இங்கே அறிவித்த ஏற்பாட்டில், காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். ஆகவே உடும்பன்சோலையில் உத்தரவோடு குண்டடிபட்ட பன்றி சரிவிறங்கிப் போடிப் பக்கம் ஓடிவந்தால், சுட்ட ஆள் துப்பாக்கியோடு அதன் பின்னாலேயே இறங்கி வர முடியாது. கையிலிருக்கும் உத்தரவு அந்தப் பஞ்சாயத்துக்குள் மட்டுமே செல்லும்.