கடலோரம் என்றால் சமதரை என்று யார் சொன்னது?

ஞாயிறு விடிகாலையில் ஈசிஆரில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் கோவளம் பக்கம் டீ குடிக்க நிற்கும்போது இப்போதெல்லாம் ஐரோப்பாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இங்கிலாந்தில் டெவன் வட்டாரத்தின் வடகரையில் இருக்கிற இல்ஃப்ரகூமில் கிளம்பி, தென்கரையில் பிளிமத்தில் கப்பலேறி, பிரான்ஸின் ரோஸ்காஃபில் இறங்கி, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ஆந்தாய் வரை போகிற சைக்கிள் பாதை. பிரான்ஸ் பகுதிக்கு வெலோடிசே என்று பெயர். டெவனில் சுமார் 160 கிலோமீட்டர், பிரான்ஸில் 1,200-க்கும் மேல். நல்ல ஆசைதான். ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: "கடலோரம்தானே சார், ஃப்ளாட்டாத்தான் இருக்கும்."

யார் சொன்னது? விசாரித்தால் யாரும் சொல்லவில்லை. யாரோ யாருக்கோ அனுப்பிய வாட்ஸ்அப். இதை நம்பி ஒருவர் பந்தய சைக்கிளில் முன்பக்கம் பெரிய பல்சக்கரத்தை வைத்துக்கொண்டே போகப்போவதாகச் சொன்னார். மூட்டையும் கூட வரும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

இந்த மயக்கத்துக்கு ஈசிஆர்தான் காரணம். திருவான்மியூரிலிருந்து புதுச்சேரி வரைக்கும் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள பாலங்களை விட்டால் அதிகம் இல்லை. ஆறும் கடலும் கொட்டிவைத்த மண், மணல். அதில் பழகிய கால், உலகத்துக் கரையெல்லாம் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டது.

நான் ரயில்வேயில் பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்தது ஒரே கணக்கு. நூறு மீட்டர் போய் ஒரு மீட்டர் ஏறினால் நூற்றுக்கு ஒன்று. ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒன்று ஏற்றத்தில் உங்களைப் பின்னுக்கு இழுக்கிற பாரம் ஒரு கிலோ. பத்துக்கு ஒன்றில் 10 கிலோ. நாலுக்கு ஒன்றில் கிட்டத்தட்ட 24 கிலோ. இதில் விவாதத்துக்கு இடமில்லை, பள்ளிக்கூடத்து இயற்பியல்.

இனி வடக்கு டெவன் கரையைப் பாருங்கள். இல்ஃப்ரகூமுக்குக் கிழக்கே லின்மத் என்று ஒரு கடற்கரை ஊர், அதன் தலைக்கு மேலே பாறை உச்சியில் லின்டன். இரண்டுக்கும் நடுவே சாலை நாலுக்கு ஒன்று என்று ஏறுகிறது. குதிரைகள் திணறின. அதனால் 1890-இல் பாறைச் சரிவிலேயே தண்டவாளம் போட்டு, இரண்டு பெட்டிகளைக் கம்பிவடத்தில் கட்டி, மேலே இருக்கிற பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதன் எடையால் கீழ்ப்பெட்டியை இழுக்க வைத்தார்கள். இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. சமதரைக் கடலோரத்தில் இதற்கு என்ன வேலை?

லின்மத் நம் பாதையில் இல்லையே என்பீர்கள். சரி, நம் பாதை தொடங்குகிற இல்ஃப்ரகூமுக்கே வருவோம். அந்த ஊருக்கு 1874-இல் ரயில் வந்தது. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியதும் 36-க்கு ஒன்று ஏற்றம். ரயில்வேக்காரனிடம் இதைச் சொன்னால் தலையில் கை வைத்துக்கொள்வான். ஸ்டீம் எஞ்சினுக்கு இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், பிடிமானம் குறைவு. நூற்றுக்கு ஒன்று என்றாலே பாரத்தைக் குறைக்கலாமா என்று யோசிக்கிற தொழில் இது. கோடை விடுமுறைக் கூட்டத்தோடு கிளம்பும் ரயில்களுக்கு இல்ஃப்ரகூமில் இன்னொரு எஞ்சினைச் சேர்த்து மேலே ஏற்றினார்கள். 1970-இல் பாதையை மூடினார்கள். இன்று அந்தத் தடத்தில்தான் நீங்கள் மிதித்து ஏறவேண்டும், அதுவும் இங்கிலாந்தின் கடலை முதன்முதலாகப் பார்த்த அதே காலையில்.

காரணம் எளிது. அங்கே கரையே பாறை மேடு. மழைத் தண்ணீர் அந்த மேட்டை அறுத்துக்கொண்டு நேராகக் கடலுக்கு இறங்குகிறது. கரையை ஒட்டிப் போகிற வழி, சீப்பின் பற்களைக் குறுக்கே கடக்கிற மாதிரி, ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி மறுபக்கம் ஏறவேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையைச் சுற்றி நடப்பவர்களுக்கென்று 1,014 கிலோமீட்டர் கரைப்பாதை ஒன்று இருக்கிறது. முழுக்க நடந்தால் மொத்த ஏற்றம் சுமார் 35,000 மீட்டர், எவரெஸ்டைப் போல நாலு மடங்கு. எல்லாம் கடலைப் பார்த்தபடியே.

சமதரை எங்கே கிடைக்கிறது தெரியுமா? கடலை விட்டு விலகினால். பிரான்டனிலிருந்து மீத் வரை போகிற டார்க்கா தடம் ஏறக்குறைய 48 கிலோமீட்டர், பழைய ரயில் பாதை, கால் நோகாது. மீத்தில் தடம் முடிந்து சாலை தொடங்குகிறது, தொடையும் முனக ஆரம்பிக்கிறது. ஓக்ஹாம்ப்டன் போய்ச் சேர்ந்ததும் மறுபடி ரயில் தடம்: டார்ட்மூர் மேட்டின் ஓரமாக, 1874-இல் கட்டிய மெல்டன் இரும்புப் பாலத்தின் மேலே, 46 மீட்டர் உயரத்தில், ஆனால் ஏறுவதே தெரியாமல் போகலாம். மலை இருந்தும் ஏற்றம் இல்லை, ஏனென்றால் எவனோ ஒரு எஞ்சினியர் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி வைத்திருக்கிறான்.

பிரான்ஸில் இன்னும் வேடிக்கை. ரோஸ்காஃபில் கப்பலை விட்டு இறங்கியதும் கடலை ரசித்துக்கொண்டே தெற்கே போகலாம் என்று கனவு காண்கிறார்கள். பாதை மோர்லே வரை போய் உள்நாட்டுக்குள் நுழைந்துவிடும். மோர்லேயிலிருந்து காரே வரை, நம் ஊரில் ஓடிய மாதிரியே மீட்டர் கேஜ் பாதை, 1891-இல் திறந்து 1967-இல் மூடியது. அதன்பின் நான்ட்–பிரெஸ்ட் கால்வாய்க் கரை. 364 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கால்வாயை நெப்போலியன் ஏன் வெட்டச் சொன்னார்? ஆங்கிலேயக் கப்பற்படை பிரெஸ்ட் துறைமுகத்தை அடைத்துக்கொண்டு நின்றது, கடல் வழியே சரக்கு போக முடியவில்லை. கடலைத் தவிர்ப்பதற்கென்றே 1811-இல் தொடங்கி 1842-இல் முடித்த கால்வாய் இது. அதன் கரையில் உட்கார்ந்துகொண்டு "கடல் எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது!

குளோமெல் என்ற இடத்தில் கால்வாய் 184 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. அங்கே 3 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 20 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் ஒரு வெட்டு. 1823 முதல் 1832 வரை பிரெஸ்ட் சிறையின் கைதிகளை வைத்து மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் தோண்டியது. கட்டிங் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். உங்கள் கால் நோகாமல் இருப்பதற்கான விலையை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

கடலோரச் சமதரை உலகில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. லுவார் ஆற்று முகத்துக்குத் தெற்கே சதுப்பும் உப்பளமும், அதற்கும் தெற்கே ஜிரோந்து ஆற்று முகத்தைப் படகில் கடந்தால் லாண்ட் வட்டாரத்தின் பைன் காடும். அங்கே தரை சமம்தான். ஆனால் கடலுக்கும் பாதைக்கும் நடுவே மணல்மேட்டு வரிசை நிற்கும், அலைச் சத்தம் கேட்கும், கடல் தெரியாது. கடைசியில் பியாரிட்ஸ் தாண்டியதும் பாஸ்க் கரை, மறுபடி பாறை, மறுபடி ஏற்றம், அதுவும் நீங்கள் ஓய்ந்துபோயிருக்கும் நேரத்தில். ஆக, முன்பக்கம் சின்னப் பல்சக்கரம் மாட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதைப் படித்துவிட்டு நம் ரயில்வேக்காரர்களும் கொஞ்சம் வெட்கப்படலாம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர் கேஜ் பாதை இருந்தது. 1980-களில் ரயிலை நிறுத்தினார்கள். ரயில் திரும்ப வரவேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், வந்தால் முதல் சந்தோஷம் எனக்குத்தான். வருகிற வரைக்கும் அந்தத் தடத்தில் சைக்கிள் ஓடினால் என்ன குறைந்துவிடும்? தடம் பயன்பாட்டில் இருந்தால் ஆக்கிரமிப்பு நுழையாது. பக்கத்திலேயே பேரளம்–காரைக்கால் பாதையில் பல ஆண்டு கழித்துத் திரும்பத் தண்டவாளம் போட்டார்களே, தடம் என்று ஒன்று மிஞ்சியதால்தானே முடிந்தது? மண்ணடித்து, ரோலர் ஓட்டி, இரண்டு பக்கமும் புங்கமரம் வைத்தால் போதும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

ஐரோப்பாப் பாதையைப் பற்றிச் சுற்றுகிற மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

ஒரு விசா போதும் என்பது பொய். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டனுக்கு ஒன்று, ஷெங்கனுக்கு ஒன்று, தனித்தனியாக. தெற்கு நோக்கிப் போனால் காற்று முதுகில் தள்ளும் என்பதும் ஆசைதான். அட்லாண்டிக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவது, தெற்கே போனாலும் வடக்கே போனாலும் விலாவில் அடிக்கும்.

கப்பலில் சைக்கிள் ஏற்றமாட்டார்களாம். கார்களோடு நீங்களும் உருட்டிக்கொண்டு ஏறி, கட்டிவிட்டு மேலே போகலாம். 1973-இல் அந்தத் தடத்தில் கப்பல் விட்டவர்களே ரோஸ்காஃப் இருக்கிற பிரிட்டனி வட்டாரத்து விவசாயிகள்தான், காலிஃபிளவரையும் ஆர்ட்டிசோக்கையும் இங்கிலாந்துக்கு அனுப்ப. அதற்கு வெகுகாலம் முன்பே ரோஸ்காஃப் வெங்காய வியாபாரிகள் கடல் கடந்து போய், சைக்கிள் ஹேண்டில்பாரில் சரம் சரமாக வெங்காயத்தைத் தொங்கவிட்டு வீடு வீடாக விற்றார்கள். உங்கள் இரண்டு பையைப் பார்த்து அந்தத் துறைமுகத்தில் யாரும் அதிசயப்படமாட்டார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர் பட்டினி கிடப்பாரா? ரொட்டி, சீஸ், பழம் எல்லா ஊரிலும் உண்டு. ஆபத்து வேறு: கிராமத்துக் கடைகள் மதியம் மூடிவிடும், ஞாயிறு மாலையும் பல இடங்களில் திங்களும் திறக்காது. முதல் நாளே வாங்கி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. பிரான்ஸின் நுவார்மூத்தியே தீவுக்குப் போகிற குவா சாலையை எப்போது வேண்டுமானாலும் கடக்கலாம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான அந்தச் சாலை தினமும் இருமுறை கடலுக்குள் போய்விடும். நீர் முழுதும் வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு. அட்டவணையைச் சாலை முனையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தீவுக்குப் பாலமும் இருக்கிறது, 1971-இலிருந்து. இத்தனைக்கும் மீறி நேரம் தப்பி மாட்டிக்கொள்கிறவர்களுக்காக வழியில் ஏறி நிற்க உயரமான கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். ஆளுக்குத்தான் அதில் இடம், சைக்கிளுக்கு இல்லை.