காலைப் பயணத்தில் இஞ்சினை எவ்வளவு முறுக்கலாம்?

வாசகர்களே, உங்கள் வீட்டிலிருந்து யாராவது தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்கோ பள்ளிக்கோ போகிறார்களா? அப்படியானால் இந்த இரண்டு அறிவுரைகளையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். "ரொம்ப முறுக்காதே, இஞ்சின் கெட்டுவிடும்" என்பார் ஒருவர். "மெதுவாகவே ஓட்டினால் இஞ்சின் அடைத்துக்கொள்ளும், நன்றாக முறுக்கு" என்பார் இன்னொருவர். இருவருமே பல ஆண்டுகள் ஓட்டியவர்கள். யார் சொல்வது சரி?

இதற்கான விடை இஞ்சினுக்குள் நடக்கும் எளிய இயற்பியலில் இருக்கிறது. மூன்றாம் படிவத்தில் படிக்கும் சக்தி, திறன் ஆகியவையும் நான்காம் படிவத்தில் படிக்கும் விசை, இயக்கம் ஆகியவையும் தெரிந்தால் போதும்.

ஒரு நொடியில் ஐம்பது வெடிப்பு

நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் கப்சாய்கள் இன்று பெரும்பாலும் நான்கு வீச்சு இஞ்சின் கொண்டவை. உள்ளிழுத்தல், அழுத்துதல், எரிதல், புகையை வெளியேற்றுதல் என்ற நான்கு வீச்சுகளை முடிக்கும்போது இஞ்சினின் சுழல்தண்டு இரண்டு சுற்றுகள் சுற்றியிருக்கும். அந்த இரண்டு சுற்றுகளில் ஒரு முறைதான் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது.

நிமிடத்திற்கு 6,000 சுழற்சி என்றால் நொடிக்கு 100 சுழற்சி. அதாவது நொடிக்கு 50 எரிதல்கள். பெரிய எண்ணாகத் தெரிகிறது அல்லவா? "காரில் 3,000ஐத் தாண்டினாலே சத்தம் போடுகிறது. மோட்டாரில் 6,000 ஆகுமா?" என்று பெற்றோர் கவலைப்படுவதும் இதனால்தான். ஆனால் சுழற்சி எண்ணை மட்டும் வைத்துக் காரையும் மோட்டாரையும் ஒப்பிடக் கூடாது. பிஸ்டன் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு சுழற்சியில் பிஸ்டன் ஒரு முறை மேலேறி, ஒரு முறை கீழிறங்குகிறது. ஆகவே,

பிஸ்டனின் சராசரி வேகம் = 2 × வீச்சு நீளம் × நொடிக்கான சுழற்சி

பழைய கார்புரேட்டர் வகை ஹோண்டா இஎக்ஸ்5இன் வீச்சு நீளம் 49.5 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 5,000 சுழற்சியில் அதன் பிஸ்டன் நொடிக்குச் சுமார் 8.3 மீட்டர் வேகத்தில் ஓடும். வீச்சு நீளம் 85 மில்லிமீட்டர் உள்ள ஒரு கார் இஞ்சினை எடுத்துக்கொள்வோம். அது 3,000 சுழற்சியில் ஓடினால் பிஸ்டன் வேகம் நொடிக்கு 8.5 மீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! கப்சாயில் 5,000 என்பது காரில் 3,000 போன்றது. சிறிய இஞ்சின் அதிகமாகச் சுழல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை.

அதற்காக எல்லையே இல்லையா?

இருக்கிறது. பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று, திசை மாறிக் கீழே ஓட வேண்டும். அதற்குத் தேவைப்படும் முடுக்கம் சுழற்சியின் இருமடிக்கு ஏற்பக் கூடும். சுழற்சி இரண்டு மடங்கானால் முடுக்கம் நான்கு மடங்காகும்.

அதே இஎக்ஸ்5இல் கணக்கிட்டுப் பார்த்தால், 4,000 சுழற்சியில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 440 மடங்கு. 8,000 சுழற்சியில் அது சுமார் 1,770 மடங்கு. இணைப்புத் தண்டு சாய்ந்து இயங்குவதால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது இது இன்னும் கூடுதலாகவே இருக்கும். இந்த இழுவிசை முழுவதையும் தாங்குவது விரல் தடிமன் உள்ள ஒரு பிஸ்டன் ஊசியும் ஓர் இணைப்புத் தண்டும்தான்.

வால்வுகளுக்கும் இதே சோதனைதான். வால்வைத் திறப்பது கேம் தண்டு, மூடுவது சுருள்வில். அளவுக்கு மீறிய சுழற்சியில் சுருள்வில்லால் வால்வை உரிய நேரத்தில் மூட முடியாமல் போகலாம். அப்போது மேலேறும் பிஸ்டன் வால்வைத் தொட்டால், இஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். மின்னணு எரிபொருள் செலுத்தி உள்ள பல மோட்டார்களில், சுழற்சி எல்லையைத் தாண்டாமல் இருக்கக் கணினியே தடுத்துவிடும். ஆனால் மிக வேகமாகப் போகும்போது தவறாகக் கியரைக் குறைத்தால், சக்கரமே இஞ்சினைச் சுழற்றிவிடும். அதைக் கணினியால் தடுக்க முடியாது.

பெட்ரோல் செலவையும் பாருங்கள். சமதளச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் சீராகச் செல்ல, காற்றின் எதிர்ப்பையும் டயரின் உருளல் உராய்வையும் வெல்ல ஒரு கப்சாய்க்குச் சுமார் 2 கிலோவாட் திறன் போதும். எந்தக் கியரில் போனாலும் சக்கரத்திற்குத் தேவை அதே 2 கிலோவாட்தான். கீழ்க்கியரில் இஞ்சின் கூடுதலாகச் சுழலும் ஒவ்வொரு சுற்றும் உராய்வுக்கும் வெப்பத்திற்கும்தான் போகிறது. சாலை விளக்கில் நின்றபடி 'ரும்... ரும்...' என்று முறுக்குவதும் அப்படித்தான். அதில் பயனுள்ள வேலை எதுவும் இல்லை.

குறைவாக முறுக்குவதும் ஆபத்தே

"அப்படியானால் எப்போதும் மேல்கியரில், குறைந்த சுழற்சியில் போவதே நல்லது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேல்கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று கைப்பிடியை முழுவதும் முறுக்கினால் மோட்டார் உதறும், முனகும். கியர் அதிகம், சுழற்சி குறைவு, சுமையோ மிக அதிகம். இந்த நிலையில் மூன்று தீங்குகள் நேர்கின்றன.

முதலாவது, எண்ணெய்ப் படலம். சுழல்தண்டின் தாங்கிகளிலும் பிஸ்டன் வளையங்களிலும் உலோகம் உலோகத்தைத் தொடாமல் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். பரப்புகள் வேகமாக நகரும்போது எண்ணெய் இடையில் இழுக்கப்பட்டுப் படலம் தடிக்கிறது. நீர்ச்சறுக்குப் பலகையில் நிற்பவர் வேகம் இருக்கும்வரை மிதப்பதும், வேகம் குறைந்தால் மூழ்குவதும் போன்றது இது. குறைந்த சுழற்சியில் பெரிய சுமையைக் கொடுத்தால் படலம் மெலிந்து தேய்மானம் கூடுகிறது.

இரண்டாவது, தட்டல். பெட்ரோல் காற்றுக் கலவை தீப்பொறியிலிருந்து ஒழுங்காகப் பரவி எரிய வேண்டும். சுழற்சி குறைவாகவும் சுமை அதிகமாகவும் இருக்கும்போது, இன்னும் எரியாத கலவை அழுத்தத்திலும் வெப்பத்திலும் நெடுநேரம் மாட்டிக்கொள்கிறது. தீச்சுடர் வந்து சேர்வதற்குள் அது தானாகவே வெடித்துவிடலாம். தகர டப்பாவில் கற்களைக் குலுக்குவது போன்ற 'கடகட' ஒலி அதன் அடையாளம். ரோன்95 என்ற எண் இந்தத் தட்டலை எதிர்க்கும் தன்மையைத்தான் குறிக்கிறது. ரோன்97 போட்டால் இஞ்சினின் வலிமை தானாகக் கூடிவிடாது. தட்டலுக்கு மருந்தாகப் பெட்ரோலை மாற்றுவதற்கு முன், ஒரு கியர் குறைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, கிளட்ச். கை கிளட்ச் இல்லாத கப்சாய்களில் மையவிலக்குக் கிளட்ச் இருக்கிறது. இஞ்சின் போதிய வேகத்தில் சுழன்றால்தான் அது முழுமையாகப் பற்றும். ஜொகூர் பாலத்தில் வரிசையில் ஊர்ந்து போகும்போது நான்காம் கியரிலேயே விட்டுவைத்தால், கிளட்ச் பாதி பற்றியும் பாதி வழுக்கியும் சூடேறும். அங்கே முதல் கியரோ இரண்டாம் கியரோதான் சரி.

லோரிக்குப் பக்கத்தில் தேவைப்படும் கையிருப்பு

இனிச் சொல்லப்போவது இஞ்சினைப் பற்றியது மட்டுமல்ல, உயிரைப் பற்றியது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்தாம். ஆகவே தேவையான நேரத்தில் தேவையான திறன் கையில் இருப்பது முக்கியம்.

திறன் (கிலோவாட்) = முறுக்குவிசை (நியூட்டன் மீட்டர்) × நிமிடச் சுழற்சி ÷ 9,550

யமஹா ஒய்15இசட்ஆர் இஞ்சினின் உச்ச முறுக்குவிசை 7,000 சுழற்சியில் 13.8 நியூட்டன் மீட்டர். சூத்திரத்தில் இட்டால் சுமார் 10 கிலோவாட் வருகிறது. இப்போது அதே மோட்டார் மணிக்கு 40 கிலோமீட்டரில், மேல்கியரில், 3,500 சுழற்சியில் போவதாக வைத்துக்கொள்வோம். அங்கே முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டர் என்று கொண்டால், முழுவதும் முறுக்கினாலும் கிடைப்பது 3.7 கிலோவாட்டுக்கு மேல் இல்லை.

அந்த வேகத்தில் செல்லவே 1 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. மீதமுள்ளதே வேகம் கூட்டுவதற்கான கையிருப்பு. மேல்கியரில் அது ஏறக்குறைய 3 கிலோவாட். கியரைக் குறைத்து 7,000 சுழற்சிக்குப் போனால் 9 கிலோவாட்டுக்கு மேல். மூன்று மடங்கு வேறுபாடு! கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் தடத்திலிருந்து வெளியேறி வாகனங்களோடு கலக்கும்போது, பின்னால் லோரி வந்தால் இந்த வேறுபாட்டின் அருமை புரியும். கலப்பதற்கு முன்பே கியரைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். லோரி நெருங்கிய பிறகு கியர் தேடக் கூடாது.

இதையே இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். கையிருப்பு இருக்கிறது என்பதற்காக எல்லா இடைவெளியிலும் புகுந்து செல்ல வேண்டும் என்பதில்லை. 7,000 சுழற்சி சில நொடிகளுக்கான உதவி. வேகம் கூடியதும் மேல்கியருக்கு மாறிவிடுங்கள்.

எந்த நேரத்தில் எவ்வளவு?

கப்சாய் போன்ற சிறிய நான்கு வீச்சு இஞ்சின்களுக்கு இப்படி ஒரு பொது வழிகாட்டி சொல்லலாம். உங்கள் மோட்டாரின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

காலையில் முதல் சில நிமிடங்கள்: மிதமாக மட்டும். எண்ணெய் இன்னும் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். நம் நாட்டு வெப்பத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்து உறுமவிட வேண்டியதில்லை. மெதுவாக ஓட்டிச் சென்றாலே சூடேறிவிடும்.

சமதளத்தில் சீரான ஓட்டம்: சுமார் 4,000 முதல் 6,000 வரை. உதறல் இல்லாமல் ஓடும் மிக உயர்ந்த கியரைத் தேர்ந்தெடுங்கள்.

மேம்பாலம், மேடு, பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கும் நேரம்: ஒரு கியர் குறையுங்கள். சுழற்சி கூடட்டும். முனகவிடுவதைவிட அதுவே இஞ்சினுக்கு இதம்.

முந்தும்போதும் கலக்கும்போதும்: உச்ச முறுக்குவிசை வரை, சில நொடிகளுக்கு.

இறக்கத்தில்: கீழ்க்கியரில் கைப்பிடியைத் தளர்த்துங்கள். இஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும், பிரேக்கும் சூடேறாது.

எண்ணெயையும் மறவாதீர்கள். பல கப்சாய்களின் இஞ்சினில் இருப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய்தான். இஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் அதே எண்ணெய். அளவு குறைந்துபோன இஞ்சினில் 4,000 சுழற்சியும் அதிகமே.

சுழற்சிமானி இல்லையென்றால்?

பல கப்சாய்களில் சுழற்சிமானி இல்லை. கவலை வேண்டாம், கணக்குப் போடலாம். பின்சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் கடந்த தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 17 அங்குலச் சக்கரத்தில் இது சுமார் 1.76 மீட்டர் வரலாம். பிறகு, அந்தக் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற மொத்த விகிதத்தைக் கையேட்டிலிருந்து கண்டறியுங்கள். முதன்மை விகிதம், கியர் விகிதம், சங்கிலிச் சக்கர விகிதம் மூன்றையும் பெருக்கினால் அது கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, நான்காம் கியரில் மொத்த விகிதம் 10 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். அதை 1.76ஆல் வகுத்தால் சக்கரம் நொடிக்குச் சுமார் 9.5 முறை சுற்றும், அதாவது நிமிடத்திற்கு 570 முறை. இஞ்சின் சுழற்சி 5,700. மூன்றாம் கியரின் விகிதம் 12.5 என்றால் அதே வேகத்தில் 7,100. வீட்டிலிருந்து 20 கிலோமீட்டர் தூரத்தை மூன்றாம் கியரிலேயே ஓட்டினால், இஞ்சின் ஏறக்குறைய 28,000 சுற்றுகள் கூடுதலாகச் சுற்றியிருக்கும். திரும்பி வரும்போது இன்னொரு 28,000.

ஆக, தொடக்கத்தில் பார்த்த இருவரில் யார் சரி? இருவரும் பாதி சரி. சீராகப் போகும்போது முதலாமவரின் பேச்சைக் கேளுங்கள். மேட்டிலும் கலக்கும் இடத்திலும் இரண்டாமவரின் பேச்சைக் கேளுங்கள். சுமைக்கு ஏற்ற சுழற்சிதான் சரியான சுழற்சி.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு மோட்டாரின் வீச்சு நீளத்தைக் கையேட்டில் கண்டறிந்து, 5,000 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்கிடுங்கள்.

2. மணிக்கு 30, 50, 70 கிலோமீட்டர் வேகங்களில் ஒவ்வொரு கியருக்கும் இஞ்சின் சுழற்சியைக் கணக்கிட்டு ஓர் அட்டவணை தயாரியுங்கள். எந்த வேகத்தில் எந்தக் கியர் 4,000க்கும் 6,000க்கும் இடையில் வருகிறது?

3. சுழற்சி 5,000லிருந்து 7,500 ஆனால், பிஸ்டனின் முடுக்கம் எத்தனை மடங்காகும்? (குறிப்பு: 1.5ஐ இருமடியாக்குங்கள்.)

அட்டவணை தயாரானதும், தினமும் மோட்டாரில் செல்லும் அப்பாவிடமோ அண்ணனிடமோ அக்காவிடமோ காட்டுங்கள். அவர்கள் காதால் அறிந்து வைத்திருப்பதும் நீங்கள் கணக்கில் கண்டதும் எங்கே ஒத்துப்போகின்றன என்று சேர்ந்து பாருங்கள்.