வெந்த நிலத்துக் கிண்ணக் காளான்

ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று வீசும்போது, இராகலைப் பக்கத்துப் பத்தனைகளில் மானாப்புல் பற்றியெரிவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஐப்பசி மழை இரண்டு பெய்தபின் அக்கரிநிலத்தைக் குனிந்து நோக்குவோர்க்கு ஒரு புதுமை தென்படலாம். குண்டூசித் தலையளவான செம்மஞ்சள் தட்டுகள் நெருங்கிப் படர்ந்திருக்கும்; அல்லது கார்த்திகை அகல் போன்ற கபிலநிறக் கிண்ணங்கள் காணப்படும். முன்னது பைரோனீமா, பின்னது பெசைசா. இரண்டும் கிண்ணக் காளான் என்னும் பங்கசு வகையின. குடையில்லாமையால் நம்மவர் இவற்றைக் காளானென்றே கொள்வதில்லை. புல் மாத்திரம் எரிந்த இடத்தினும், கட்டையும் குப்பையும் குவித்தெரித்த இடமே இவற்றுக்கு மிகவும் உகந்தது.

இவை நெருப்பை உண்டு வளர்வனவோ என மாணவர் வினவுவர். அன்று. சூடேற்றிய மண்ணிற் பைரோனீமா செழித்து வளர்வதை 1909இல் சீவர் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டினார். நீராவியால் நுண்ணுயிர் நீக்கிய நாற்றுச் சட்டிகளிலும் அது முளைப்பதுண்டு. வெப்பம், போட்டியிடும் நுண்ணுயிர்களைக் கொன்று, அவற்றின் உடற்சத்தை மண்ணில் விடுகின்றது. ஆளில்லா வீட்டில் ஆக்கிய சோறு இருந்தால் முதலில் நுழைபவனுக்கு விருந்துதானே! மற்றைய உயிர்கள் மீண்டதும் பைரோனீமா சில வாரங்களில் மறைந்துவிடும். கரிந்த பொருளையே உணவாக்கும் ஆற்றலும் அதற்குண்டென 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகின்றது.

மலைச்சரிவில் வாழும் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. புல்லின் பிடி நீங்கிய சரிவில், முதல் மழையிலேயே சாம்பலும் மேல்மண்ணும் ஆற்றுக்குப் போய்விடும். கிண்ணங்களுக்கு அடியில் ஓடும் பங்கசு நூல்கள் மண்துகள்களைப் பிணைத்து, அவ்விழப்பைச் சிறிதேனும் தடுக்கின்றன. ஆகவே அவற்றை நோயென்று அஞ்சிச் சுரண்டி எறிதல் தகாது. அந்நூலின் வலிமையை நம்பிப் பத்தனைக்குத் தீ வைப்பதோ பேதைமை.

தீயிடத்துப் பங்கசுகள் யாவும் சாதுவானவை என்றும் கொள்ளற்க. பிரித்தானியக் காடுகளில், வேலையாட்கள் தேநீர் காய்ச்ச மூட்டிய நெருப்பிடங்களில் ரைசினா என்னும் பங்கசு எழுந்து, அயலில் நின்ற ஊசியிலை மரங்களின் வேர்களை அழித்தது. அதனைத் ‘தேநீர் இடைவேளைக் காளான்’ என்றே அழைத்தனர். காட்டில் நெருப்பு மூட்டுவது தடுக்கப்பட்டபின் நோய் தணிந்தது. நம் தேயிலை போய்ச் செய்த வினை என்று நகைக்கத் தோன்றுகின்றது.

மழைக்குப்பின் மாணவர் ஒரு பூதக்கண்ணாடியுடன் சென்று தேடுக. முதிர்ந்த பெரிய கிண்ணத்தின்மீது மெல்ல ஊதினால், வித்திகள் புகைபோல எழுவதைக் காணலாம். தின்று பார்க்க வேண்டா.