தீவுப்பகுதித் திட்டங்கள் தரும் பாடம்



வெளிநாட்டு உதவியில் ஒரு வேலை வந்தால் அடிக்கல்லையும் பெயர்ப்பலகையையும் பார்த்து மகிழ்கிறோம். ஆனால் வேலை உருப்படியானதா என்று எப்படி அளப்பது? ஆசிய அபிவிருத்தி வங்கி தனது திட்டங்களை மதிப்பிடும்போது நான்கு கேள்விகளைக் கேட்கிறது. மக்களின் தேவைக்குப் பொருந்தியதா? சொன்ன பலன் கிடைத்ததா? பணமும் காலமும் வீணாகாமல் நடந்ததா? பின்னாலும் நிலைத்து நிற்குமா? யாழ்ப்பாணப் பக்கத்து இரண்டு வேலைகளை இந்தக் கேள்விகளோடு பார்ப்போம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பிரதான மின்வலையில் சேராமல், டீசல் இயந்திரங்களை நம்பியிருந்தன. டீசலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். காற்று, வெயில், பற்றரி சேர்த்து மின்சாரம் கொடுக்க அந்த வங்கியின் உதவியில் திட்டம் போட்டார்கள். 2021 ஜனவரியில் வேலை சீனக் கம்பனிக்குப் போனது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வேலை நின்றது. 2022இல் இந்தியா நன்கொடை தர உடன்பட்டது. 2024 மார்ச்சில்தான் புது ஒப்பந்தம் கைச்சாத்தானது. தேவை தீவு மக்களுடையது, இழுபறி வெளியாருடையது. காத்திருந்தது மட்டும் தீவு மக்கள்.

அடுத்தது தண்ணீர். 2010இல் வங்கி பணம் ஒதுக்கிய யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர்த் திட்டத்தில், இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக எண்ணினார்கள். கிளிநொச்சி விவசாயிகள், "வயலுக்கே போதாதுங்க" என்று எதிர்த்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நாளொன்றுக்கு 2 கோடியே 40 இலட்சம் லீற்றர் எடுக்கலாம். ஆனால் 14 வருசம் போய்விட்டது. அதோடு கடல்நீரைச் சுத்தம் செய்ய மின்சாரச் செலவும் கூட.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியவை:

1. வரைபடம் போடுவதற்கு முன்பே, பாவிக்கிறவரையும் பாதிக்கப்படுகிறவரையும் கேட்க வேண்டும்.

2. பழுதானால் யார் பார்ப்பது, காசு எங்கிருந்து வரும் என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். பற்றரிக்கும் ஆயுள் உண்டு.

3. திறப்பு விழா முடிந்து இரண்டு மூன்று வருசம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நமது தோட்டத்துக்கு வருவது வீட்டுத் திட்டமானாலும் பீலித் தண்ணீரானாலும், கூட்டத்துக்கு வாங்க, இந்தக் கேள்விகளைக் கேளுங்க. முக்கியமாகப் பெண்கள் கேட்க வேண்டும். குடத்தோடு மேடு ஏறுகிறவருக்குத்தான் குழாய் எங்கே வேண்டும் என்று தெரியும். பதிலை எழுத்தில் வாங்கி வைப்போம். உதவி என்று வந்தாலும் கேட்பது நமது உரிமை.